முழுக் கோப்பைக் கேளுங்கள்: போதைப்பொருள் எடுத்து வண்டி ஓட்டியதாகச் சொல்லும் வழக்கில் ரத்த அறிக்கையை எதிர்கொள்ளும் வழி

என்னிடம் வரும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். மேலே ஆய்வகத்தின் பெயர், நடுவில் ஒரு மருந்தின் பெயரும் ஓர் எண்ணும், கீழே ஒரு கையெழுத்து. அதைப் பார்த்ததும் குற்றம் சாட்டப்பட்டவர் பாதி உடைந்துபோகிறார். சில வழக்கறிஞர்கள் முழுவதும் உடைந்துபோகிறார்கள். “ரத்தத்திலேயே இருக்கிறதே, இனி என்ன வாதாடுவது?” என்று கேட்கிறார்கள். நஞ்சியல் ஆய்வகத்தில், மருந்தை அடையாளம் கண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் உட்கார்ந்து இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தயாரித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது எதிர்த்தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்காக அவற்றைப் படித்துச் சொல்லும் வேலை செய்கிறேன். அதனால் சொல்கிறேன்: அந்த ஒரு பக்கம் அறிக்கையின் அட்டை மட்டுமே. வாதம் உள்ளே இருக்கும் பக்கங்களில் இருக்கிறது.

அந்த எண்ணை வைத்து ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் அரசுத் தரப்பு நான்கு கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். குழாயில் இருந்தது உங்கள் ரத்தம்தானா? எடுத்த நேரத்திலிருந்து ஆய்வு நடந்த நாள்வரை அது கெடாமல் இருந்ததா? இயந்திரம் சரியாக அளந்ததா? அளந்த எண், சட்டம் கேட்கும் கேள்விக்கு விடையாகுமா? நான் பார்த்தவரை, எதிர்த்தரப்பு முதல் கேள்வியில் தேவையில்லாமல் மல்லுக்கட்டிக் களைத்துவிட்டு நான்காவதைத் தொடாமலே உட்கார்ந்துவிடுகிறது. என் அனுபவத்தில் வழக்கு திரும்புவது பெரும்பாலும் நான்காவதில்தான்.

நான் வழக்கறிஞன் அல்ல. நீதிமன்றத்தில் பேச உங்களுக்கு ஒருவர் வேண்டும். அவர் கையில் என்ன கொடுக்க வேண்டும், அவரை என்ன கேட்க வைக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சட்டம் எதைக் கேட்கிறது?

உலகம் முழுக்க இந்தக் குற்றத்துக்கு மூன்று வகைச் சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் வழக்கு எந்த வகையில் வருகிறது என்று தெரியாமல் அறிக்கையைத் தொடவே கூடாது.

முதல் வகை, ஓட்டும் திறன் கெட்டிருந்ததா என்று கேட்பது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு இதற்கு நல்ல உதாரணம். மதுவுக்கு அது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எண்ணைச் சொல்லிவிடுகிறது. போதைப்பொருளுக்கோ எண் எதுவும் இல்லை. வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு அதன் தாக்கத்தில் இருந்தாரா என்றுதான் கேட்கிறது. ஆகவே ‘மருந்து இருந்தது’ என்ற அறிக்கை மட்டும் அங்கே குற்றத்தை முழுமையாக நிரூபிக்காது. கட்டுப்பாடு இழந்ததற்கு வேறு சாட்சியம் வேண்டும்: வண்டி எப்படிப் போனது, மருத்துவர் என்ன பார்த்தார், வீடியோவில் என்ன இருக்கிறது.

இரண்டாவது வகை, எண்ணை வரம்பாக வைப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச் 2 முதல் இப்படித்தான். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம், கோகைன் 10, கோகைன் உடைந்து உண்டாகும் பென்சாயில்எக்கோனின் 50, பதற்றத்துக்குத் தரும் டயஸபாம் 550, மார்ஃபின் 80. நீங்கள் நேராக ஓட்டினீர்களா, கோணலாக ஓட்டினீர்களா என்பது இங்கே பேச்சே இல்லை. எண் தாண்டினால் குற்றம். கனடாவும் 2018 முதல் டி.எச்.சி.க்கு எண் வரம்பு வைத்திருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்திய இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருந்த அளவுதான் கணக்கு. இத்தகைய வழக்குகளில் மூன்றாவது கேள்விதான், அதாவது அளவீடுதான், போர்க்களம்.

மூன்றாவது வகை, துளி இருந்தாலும் குற்றம் என்பது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் இப்படி. மருந்து மட்டுமல்ல, உடல் அதை உடைத்து உண்டாக்கும் சிதைபொருள் இருந்தாலே போதும் என்றுகூடச் சில இடங்களில் வழக்குப் போட்டார்கள். அரிசோனா உச்ச நீதிமன்றம் 2014-இல் அதற்கு ஒரு எல்லை வைத்தது: போதை தராத சிதைபொருளான கார்பாக்சி டி.எச்.சி. மட்டும் ரத்தத்தில் இருந்தால் அது அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்றது. உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பது மருந்தா, சிதைபொருளா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

அறிக்கை வர வாரங்கள் ஆகும், சில இடங்களில் மாதங்கள்கூட. அதுவரை சும்மா இருப்பவர்கள்தான் அதிகம். அந்த நாட்களில்தான் சாட்சியங்கள் அழிகின்றன.

நினைவு மங்குவதற்குள் ஒரு நேரவரிசை எழுதி உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம், கைப்பேசியில் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அந்த நாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் சாப்பிட்ட ஒவ்வொரு மாத்திரை, சிரப், ஊசி, மூக்கில் போடும் மருந்து எல்லாம் அதில் வர வேண்டும்; அளவும் நேரமும் சேர்த்து. வண்டியை நிறுத்தச் சொன்ன நேரம், கைதான நேரம், ஊசி குத்திய நேரம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். இந்தியாவில் 185-இன் கீழ் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. விடுவித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்; ஆனால் தாமதம் ஏற்பட்டிருந்தால் அந்த ரத்தம் எந்த நேரத்தைப் பிரதிபலிக்கிறது என்ற கேள்வி வலுக்கிறது.

அடுத்து, மாதிரியின் மீதிப் பகுதி. இங்கிலாந்தில் ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, கேட்டால் ஒரு பகுதியை உங்களிடமே கொடுத்தாக வேண்டும். அந்த இடத்திலேயே கேட்க வேண்டும் என்பதுதான் சிக்கல்; நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது தோன்றுவதில்லை. கொடுத்திருந்தால் உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், வழக்கறிஞர் வழியாக வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மற்ற இடங்களில் மீதி ரத்தம் ஆய்வகத்திலேயே இருக்கும். சில காலம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். ஆகவே மாதிரி, இயந்திரத் தரவுகள், காவலரின் உடல் கேமரா, காவல் நிலையக் கேமரா எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்கும்படி வழக்கறிஞர் எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது.

விபத்து நடந்து மருத்துவமனைக்குப் போயிருந்தால், அங்கே உங்களுக்குக் கொடுத்த மருந்துகளின் முழுப் பதிவையும் வாங்குங்கள். ஆம்புலன்ஸ் பதிவையும் சேர்த்து. வலிக்கு ஃபென்டனில் அல்லது மார்ஃபின், எலும்பை நேராக்கும் முன் கீட்டமின், பதற்றத்துக்கு மிடஸோலாம் என்று கொடுத்திருப்பார்கள். அதன் பிறகு காவலருக்காக எடுத்த ரத்தத்தில் அவையெல்லாம் தெரியும். ஒரு பெண்ணின் வழக்கில் அறிக்கை கீட்டமின் என்று சொன்னது. அவருடைய தாயார் “என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை ஐயா” என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் தாளில் அந்த ஊசியின் நேரம், காவலர் ரத்தம் எடுத்த நேரத்துக்கு 50 நிமிடம் முன்னதாக இருந்தது. அந்த ஒரு தாளை யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் தருகிறது.

ஊசி முதல் முத்திரை வரை

ரத்தம் எடுத்ததே சட்டப்படி சரியா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2016-இல் உச்ச நீதிமன்றம், கைதானவரிடம் மூச்சுப் பரிசோதனையை வாரன்ட் இல்லாமல் செய்யலாம், ரத்தத்தை அப்படி எடுக்கக்கூடாது என்று பிர்ச்ஃபீல்டு வழக்கில் சொன்னது. சம்மதமோ அவசரச் சூழலோ இருந்தால் விதிவிலக்கு உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 204-ஆவது பிரிவு, மூச்சுக் கருவி மதுவைக் காட்டினால் அல்லது மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தால் ரத்தம் கேட்கலாம் என்கிறது; மருத்துவர் ஆண், கைதானவர் பெண் என்றால் இன்னொரு பெண் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். போதைப்பொருளை மூச்சுக் கருவி காட்டாது என்பதால் இந்தப் பிரிவின் கீழ் எடுத்த ரத்தம் குறித்து வாதம் இருக்கிறது. ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆவது பிரிவு குற்றம் சாட்டப்பட்டவரைப் பொதுவாக மருத்துவரிடம் பரிசோதிக்க இடம் தருகிறது. எந்தப் பிரிவின் கீழ் எடுத்தோம் என்று காவலர் பதிவு செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

குழாயைப் பொறுத்தவரை, பார்க்க வேண்டியது அதன் மூடி. தடயவியல் ரத்தம் பொதுவாகச் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கப்பட வேண்டும். அதற்குள் சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் பொடியாக இருக்கும். ஆக்சலேட் ரத்தம் உறையாமல் தடுக்கிறது. ஃபுளோரைடு ரத்தத்திலுள்ள நொதிகளைக் கட்டிப்போடுகிறது. ஃபுளோரைடு இல்லாத குழாயில் கோகைன் இருந்தால் நொதிகள் அதைக் குழாய்க்குள்ளேயே உடைத்துக்கொண்டிருக்கும்; நொதி இல்லாமலும் அதில் ஒரு பகுதி தானாகவே மெல்லப் பென்சாயில்எக்கோனினாக மாறும். அதாவது அறிக்கையில் வரும் சிதைபொருளின் ஒரு பகுதி உங்கள் உடம்பில் உண்டானதே அல்லாமல், மேசை மேல் உண்டானதாக இருக்கலாம். மருத்துவமனை தன் சிகிச்சைக்காக வேறு நிறக் குழாயில் எடுத்த ரத்தத்தைக் காவலர் பின்னால் வாங்கிப்போயிருந்தால் இந்தக் கேள்வி உயிர் பெறுகிறது.

மாதிரி கைமாறிய பதிவில் மூன்று இடங்களைப் பாருங்கள்: முத்திரை எண் எடுத்த இடத்திலும் ஆய்வகத்திலும் ஒன்றா, குளிர்பதனத்தில் வைக்காமல் எத்தனை நாள் கிடந்தது, வார இறுதியில் யார் பொறுப்பில் இருந்தது. ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நீதிபதி அதை எடை குறைக்கும் விஷயமாகப் பார்ப்பார், அவ்வளவுதான். முத்திரை எண்ணே மாறியிருந்தால் அது வேறு கதை.

ஆய்வகக் கோப்பு

இதுதான் என் சொந்தத் துறை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆய்வு இரண்டு படியாக நடக்கும். முதலில் இம்யூனோஅசே என்னும் வடிகட்டும் சோதனை. இது ஒரு மருந்தைக் குறிவைத்து அல்ல, ஒரு குடும்பத்தைக் குறிவைத்து வேலை செய்கிறது. ஒத்த வடிவமுள்ள வேறு மருந்துக்கும் ‘ஆம்’ என்று சொல்லிவிடும். இது சந்தேகத்தை எழுப்ப மட்டுமே. அடுத்தது உறுதிச் சோதனை: கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் வாயு அல்லது திரவ குரோமட்டோகிராஃபியோடு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அறிக்கையில் வடிகட்டும் சோதனை மட்டுமே இருந்தால், ‘உறுதிச் சோதனை ஏன் இல்லை’ என்ற ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

உறுதிச் சோதனை இருந்தால் முழுக் கோப்பையும் கேளுங்கள். அந்த நாளில் இயந்திரத்தில் ஓடிய எல்லா மாதிரிகளின் வரிசைப் பட்டியல், அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து வரைந்த அளவுகோல் கோடு, மருந்தே இல்லாத வெற்று மாதிரிகள், தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள், உங்கள் மாதிரியின் குரோமட்டோகிராம், யார் எந்தத் தரவை எப்போது திருத்தினார் என்ற மென்பொருள் பதிவு, ஆய்வகத்தின் செயல்முறைக் கையேடு, அளவீட்டு ஐயப்பாட்டின் கணக்கு, ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தர அங்கீகாரம் இந்த மருந்துக்கும் இந்த முறைக்கும் பொருந்துகிறதா என்ற அட்டவணை. கடைசியில் சொன்னது முக்கியம். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருக்கும். அந்த மருந்துக்கு இருக்காது.

வரிசைப் பட்டியலை எப்படிப் படிப்பது? மாதிரிகள் ஒரே ஊசி வழியாக ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகின்றன. உங்கள் மாதிரிக்கு முன்னால் போனது எது என்று பாருங்கள். அதில் மருந்து மிக அதிகமாக இருந்து, இடையில் வெற்று மாதிரி ஓடவில்லை என்றால், அதன் எச்சம் உங்கள் எண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாம்பார்க் கரண்டியைக் கழுவாமல் ரசத்தில் விட்ட கதைதான். எனக்கு வந்த ஒரு கோப்பில் கோகைன் சிதைபொருள் 54 என்று இருந்தது, வரம்பு 50. அதற்கு நேர் முந்தைய மாதிரி அளவுகோலின் உச்சியையே தாண்டியிருந்தது. இடையில் ஒன்றும் இல்லை. வழக்கறிஞர் மறுஆய்வு கேட்டார். புதிய ஓட்டத்தில் எண் வரம்புக்குக் கீழே இறங்கியது.

குரோமட்டோகிராம் என்பது ஒரு தட்டையான கோட்டிலிருந்து எழும் குன்றின் படம். குன்றின் பரப்பளவுதான் மருந்தின் அளவு. குன்றின் அடிவாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மென்பொருள் தானாகக் கோடு போடும். ஆய்வாளர் விரும்பினால் சுட்டியால் அந்தக் கோட்டை நகர்த்தலாம். நகர்த்துவது தவறு அல்ல, பக்கத்தில் இன்னொரு சிறு குன்று ஒட்டியிருந்தால் நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்தால் எண் ஏறும். வரம்புக்கு ஒட்டினாற்போல இருக்கும் வழக்கில் இந்த இழுப்பு தலையெழுத்தை மாற்றும். கைமுறையாக மாற்றியிருந்தால் எந்தக் காரணத்துக்கு என்று பதிவில் இருக்க வேண்டும். அளவுகோல் மாதிரிகளுக்கும் அதே முறையைப் பின்பற்றியிருக்க வேண்டும். இதெல்லாம் வெறும் கற்பனைப் பயம் என்று யாராவது சொன்னால் 2017-ஐ நினைவுபடுத்துங்கள். மான்செஸ்டரில் இருந்த ஒரு தனியார் ஆய்வகத்தில் தரவுகளில் கைவைக்கப்பட்டிருக்கலாம் என்று தெரியவந்து, 10,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. அவற்றில் பெரும்பகுதி சாலைப் போக்குவரத்து வழக்குகள். பல தண்டனைகள் ரத்தாயின.

அளவீட்டு ஐயப்பாடு பற்றி ஒரு வார்த்தை. எந்த அளவீடும் ஒரு புள்ளி அல்ல, ஒரு வீச்சு. அறிக்கையில் டி.எச்.சி. 2.3 என்று இருந்து, ஆய்வகத்தின் ஐயப்பாடு 25 சதவீதம் என்றால், உண்மை அளவு சுமார் 1.7-க்கும் 2.9-க்கும் இடையில். வரம்பு 2 என்றால் தாண்டினார் என்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்ல முடியாது. இங்கிலாந்து ஆய்வகங்கள் இந்த வீச்சை முன்பே கழித்துவிட்டு ‘இதற்குக் குறையாமல்’ என்று எழுதுகின்றன. உங்கள் அறிக்கை கழித்த எண்ணா, கழிக்காததா என்று கேட்டுவிட்டுத்தான் இந்த வாதத்தை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசுத் தரப்பு நிபுணர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவார்.

அலகுகளையும் ஒப்பிடுங்கள். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பதும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் ஆயிரம் மடங்கு. அதோடு, அளந்தது முழு ரத்தமா, அல்லது ரத்த அணுக்களை நீக்கிய திரவமான சீரமா, பிளாஸ்மாவா? சட்ட வரம்பு பெரும்பாலும் முழு ரத்தத்துக்கு. மருத்துவமனை சீரத்தை அளக்கிறது. டி.எச்.சி. பிளாஸ்மாவில் முழு ரத்தத்தைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். சீரத்தில் 3 என்ற எண், முழு ரத்தத்தில் 2-ஐத் தொடாமலே போகலாம்.

எண்ணுக்கு என்ன பொருள்?

மதுவையும் மற்ற போதைப்பொருளையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் நீதிமன்றங்களில் நான் காணும் பெரிய குழப்பம். மது ரத்தத்தில் ஏறக்குறைய சீரான வேகத்தில் குறைகிறது. அதனால் பின்னோக்கிக் கணக்குப் போட ஓர் அடிப்படை உண்டு. மற்ற மருந்துகளில் பெரும்பாலானவை அப்படிக் குறைவதில்லை. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும், ஆளுக்கு ஆள் வெவ்வேறாகவும் குறையும். எப்போது, எவ்வளவு, எந்த வழியில் எடுத்தார் என்று தெரியாமல், மூன்று மணி நேரம் கழித்து எடுத்த ஓர் எண்ணை வைத்து வண்டி ஓட்டிய நேரத்து அளவைச் சொல்ல முயலும் நிபுணரிடம் அந்த வழிமுறையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கஞ்சா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. புகைத்த சில நிமிடங்களிலேயே டி.எச்.சி. ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டுச் செங்குத்தாக இறங்குகிறது. போதை உணர்வு உச்சிக்கு வரும்போது எண் ஏற்கனவே கீழே வந்துகொண்டிருக்கும். மறுபக்கம், தினமும் புகைத்துப் பழகியவரின் கொழுப்பில் அது சேர்ந்திருந்து, நிறுத்திய பிறகும் பல நாட்கள் ரத்தத்தில் சிறிதளவு கசிந்துகொண்டிருக்கும். அதே 2 என்ற எண் ஒருவரிடம் போதையின் வால், இன்னொருவரிடம் போன வாரத்தின் மிச்சம். அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட ஆய்வும், டி.எச்.சி.க்கு ஓர் எண் வரம்பு வைப்பதை அறிவியல் ஆதரிக்கவில்லை என்றே முடித்தது. எண் வரம்புச் சட்டம் உள்ள நாட்டில் இதைச் சொல்லித் தப்ப முடியாது. திறன் இழப்பைக் கேட்கும் சட்டத்தில் இது முதுகெலும்பு.

டயஸபாம் அறிக்கைகள் பார்ப்பவரை மிரட்டும். ஒருவர் ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்டிருப்பார். அறிக்கையில் டயஸபாம், நார்டயஸபாம், டெமாஸபாம், ஆக்ஸஸபாம் என்று நான்கு வரி இருக்கும். குற்றப்பத்திரிகையில் ‘நான்கு வகைப் போதைப்பொருட்களை உட்கொண்டு’ என்று எழுதியதை நானே படித்திருக்கிறேன். பின்னால் வரும் மூன்றும் முதல் மாத்திரையை ஈரல் உடைக்கும்போது உண்டாகும் பிள்ளைகள். இதை நீதிபதிக்கு ஒரு தாளில் படமாக வரைந்து கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார். அதுபோல, கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவரின் ரத்தத்தில் மார்ஃபின் தெரியும். ஹெராயின் என்று சொல்ல வேண்டுமானால் அது உடைந்து உண்டாகும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினைத் தேட வேண்டும். பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் செலிஜிலின் உடைந்து மெத்தாம்ஃபெட்டமினின் (மெத்) இடக்கை வடிவத்தை, அதாவது கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவத்தை, தருகிறது. சாதாரண மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முறை இடக்கை வலக்கையைப் பிரிக்காது, தனிச் சோதனை வேண்டும். தாத்தாவின் வழக்கில் யாரும் அதைக் கேட்கவில்லை என்றால் அவர் மெத் அடித்தவராகவே பதிவாவார்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து

‘மருத்துவர் கொடுத்தார்’ என்பது எல்லா இடத்திலும் கவசம் அல்ல. இங்கிலாந்தில் எண் வரம்புக் குற்றத்துக்கு அது கவசம்தான்: மருந்து மருத்துவக் காரணத்துக்காகத் தரப்பட்டிருக்க வேண்டும், சொன்னபடி எடுத்திருக்க வேண்டும். ‘தூக்கம் வந்தால் வண்டி ஓட்ட வேண்டாம்’ என்று அட்டையில் இருந்ததை மீறி ஓட்டினால் கவசம் கிழியும். திறன் இழந்து ஓட்டினார் என்று அங்கேயே இருக்கும் வேறொரு குற்றத்துக்கு இந்தக் கவசம் செல்லாது. ஆகவே மருந்துச்சீட்டு மட்டும் போதாது. மருந்துக்கடை ரசீது, எடுத்த நேரங்கள், எத்தனை மாதமாக அதே அளவு எடுக்கிறார் என்று மருத்துவரின் கடிதம் எல்லாம் சேர்க்க வேண்டும். நீண்ட நாளாக மார்ஃபின் எடுக்கும் வலி நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவு, பழக்கமில்லாத ஒருவரைப் படுக்க வைத்துவிடும். அவரோ சாதாரணமாக நடமாடுவார்.

உதவாத வாதங்கள்

ஊசி குத்துமுன் ஸ்பிரிட்டால் துடைத்தார்கள் என்பது போதைப்பொருள் வழக்கில் பொருளற்றது. பக்கத்தில் யாரோ புகைத்தார்கள் என்ற வாதத்தை எண் மிகக் குறைவாக இருந்தாலொழிய எடுக்காதீர்கள். ‘இயந்திரம் தவறலாம்’ என்று பொதுவாகச் சொல்வதை எந்த நீதிபதியும் கேட்பதில்லை. எந்த மாதிரியில், எந்தப் பக்கத்தில் என்று காட்ட வேண்டும். பரிசோதனைக்கு மறுத்துவிட்டால் தப்பலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பல நாடுகளில் மறுப்பே தனிக் குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி தகுந்த காரணமின்றி மறுத்தது உங்களுக்கு எதிரான சாட்சியத்தை வலுப்படுத்தும்.

கோப்பு முழுவதையும் படித்த பிறகு ஓட்டை எதுவும் இல்லை என்றால் அதையும் நான் சொல்லிவிடுகிறேன். எண் வரம்பைவிடப் பல மடங்கு, தரக்கட்டுப்பாடு சுத்தம், வீடியோவில் வண்டி தடம் மாறி ஓடுகிறது என்றால் வழக்கறிஞரின் வேலை தண்டனையைக் குறைப்பதுதான். குற்றத்தை எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொள்கிறோம், சிகிச்சையில் சேர்ந்தோமா என்பவை அங்கே கணக்கில் வரும்.

கூண்டில் ஆய்வாளர்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் வேறு, ஆய்வு செய்தவர் வேறு, நீதிமன்றத்துக்கு வருபவர் மூன்றாமவர் என்பது அடிக்கடி நடக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் புல்கமிங் வழக்கில், ஆய்வு செய்யாத ஒருவர் வந்து அந்த அறிக்கைக்குச் சாட்சி சொல்வதை ஏற்கவில்லை. 2024-இல் அரிசோனா வழக்கொன்றில் அதை மேலும் இறுக்கியது. இந்தியாவில் நிலைமை வேறு: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவு, அதில் சொல்லப்பட்ட அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை அவரை அழைக்காமலே சாட்சியமாக ஏற்க இடம் தருகிறது. நீதிமன்றம் நினைத்தால் அழைக்கலாம். ஆகவே அழைக்கும்படி மனுப் போடாமல் இருந்துவிட்டு, பின்னால் குறுக்கு விசாரணை வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. மனுவில் காரணம் வேண்டும். ‘கோப்பின் இன்ன பக்கத்தில் இன்ன வெற்று மாதிரி இல்லை’ என்று எழுதுங்கள்.

ஆய்வாளரைத் தாக்காதீர்கள். அவர் பெரும்பாலும் நேர்மையான, களைத்துப்போன மனிதர். தாக்கினால் நீதிபதி அவர் பக்கம் சாய்வார். ஆம், இல்லை என்று பதில் வரும் சின்னக் கேள்விகளாகக் கேட்க வேண்டும். இந்தக் குன்றின் கோட்டை நீங்கள் நகர்த்தினீர்களா? முந்தைய மாதிரிக்குப் பின் வெற்று மாதிரி ஓடியதா? இது மருந்தா, சிதைபொருளா? இந்தச் சிதைபொருள் போதை தருமா? எப்போது உட்கொண்டார் என்று இந்த எண் சொல்கிறதா? திறன் இழப்பைக் கேட்கும் சட்டமானால் கடைசிக் கேள்வி எப்போதும் இதுதான்: “இந்த எண்ணை மட்டும் வைத்து, அந்த நேரத்தில் இவரால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?” நேர்மையான ஆய்வாளர் ‘முடியாது’ என்றுதான் சொல்லுவார், என்னைக் கேட்டபோது நானும் அதையே சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் வந்ததும் வழக்கறிஞர் உட்கார்ந்துவிட வேண்டும். ‘ஏன் முடியாது’ என்று இன்னொரு கேள்வி கேட்டால், ‘ஆனாலும் பொதுவாக இந்த மருந்து...’ என்று ஆய்வாளர் பத்து நிமிடம் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.